வைஃபைக்கும் பூட்டு உண்டு

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி. அங்கே தமிழர்கள் பல காலமாக வாழ்கிறார்கள். அங்கே ஒரு சந்தில் இட்லிக்கார அக்காவின் வீடு. விடியும் முன்பே அக்கா அடுப்பு பற்றவைப்பார். இட்லி விற்று மகளைப் படிக்கவைக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு.

மகளின் பாடத்துக்காக வீட்டில் இன்டர்நெட் வைத்தார்கள். சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதற்கு இரண்டு கொம்புகள். அதன் பெயர் ரௌட்டர். கம்பி வழியாக வரும் இன்டர்நெட்டை அது ரேடியோ அலையாகப் பரப்புகிறது. அதைத்தான் வைஃபை என்கிறோம். ரேடியோ அலை சுவரைத் தாண்டும். சந்துக்கும் போகும்.

ஒரு நாள் மாலை மகளின் பாடம் நின்று நின்று வந்தது. அக்கா வாசலுக்கு வந்தார். பையன்கள் ஆறு பேர் சுவரோரம் உட்கார்ந்து போனில் படம் பார்த்தார்கள். எல்லாம் அக்கா வீட்டு வைஃபை. ரகசியச் சொல் 12345678. யாரும் சொல்லத் தேவையில்லை. அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"சின்னப் பிள்ளைகள்தானே, பார்க்கட்டும்" என்றார் அக்கா.

மாதப் பணம் வாங்க வந்த கேபிள்காரத் தம்பி இதைக் கேட்டார்.

"அக்கா, 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. 50 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குச் சில நிமிடம் முன்னால் மிரட்டல் கடிதம் ஒன்று இன்டர்நெட்டில் போனது. போலீஸ் தேடி எங்கே வந்தது தெரியுமா? இதோ, பக்கத்தில் நவி மும்பைக்கு. ஒரு வீட்டு வைஃபைக்கு. அதற்குப் பூட்டே இல்லை. யாரோ அதில் புகுந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் செய்யவில்லை. ஆனாலும் விசாரணை அவரிடம்தான் வந்தது."

அக்கா திகைத்தார். "நம்ம கனெக்‌ஷன் யார் பேரில் தம்பி?"

"உங்கள் பேரில்தான் அக்கா."

"அப்போ இன்றைக்கே பூட்டு போடு."

"நான் வழி சொல்கிறேன். பூட்டு நீங்களே போடுங்கள். சாவி எனக்கும் தெரியக் கூடாது."

தம்பி சொன்ன வழி இதுதான்:

1. ரௌட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போல ஓர் எண் இருக்கும். வீட்டு வைஃபையில் சேர்ந்த போனில், பிரவுசரைத் திறந்து அந்த எண்ணை அடியுங்கள். ரௌட்டரின் பக்கம் திறக்கும்.

2. உள்ளே போக ஒரு பெயரும் ஒரு சொல்லும் கேட்கும். பல பெட்டிகளில் இரண்டும் 'அட்மின்' என்றே இருக்கும். இது ஊருக்கே தெரியும். முதலில் அந்தச் சொல்லை மாற்றுங்கள்.

3. அடுத்து வைஃபையின் ரகசியச் சொல். 12 எழுத்துக்குக் குறையக் கூடாது. பெயர், போன் எண், பிறந்த தேதி வேண்டாம். தொடர்பில்லாத நாலு சொற்களைச் சேர்த்தால் நினைவில் நிற்கும். பிறர் ஊகிப்பதும் கடினம்.

4. பூட்டின் வகையைக் கேட்கும். டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதுவே நல்லது. போன் பழசாக இருந்து அதில் சேராவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2. 'ஓப்பன்' என்றால் பூட்டே இல்லை. டபிள்யூ.இ.பி. பழைய பூட்டு. சில நிமிடங்களில் உடைத்துவிடலாம்.

5. டபிள்யூ.பி.எஸ். என்ற குறுக்குவழியை நிறுத்துங்கள். தூரத்திலிருந்து ரௌட்டரை மாற்றும் வசதி திறந்திருந்தால் மூடுங்கள். 'அப்டேட்' வந்தால் போடுங்கள். அது ஓட்டைகளை அடைக்கும்.

6. விருந்தாளிக்கு 'கெஸ்ட்' என்று தனி வைஃபை வைக்கலாம். அதற்கும் ஒரு சொல் போடுங்கள். தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள். அதுவும் உங்கள் பேரில்தான் ஓடுகிறது.

அக்கா இரவுப் பள்ளியில் எழுத்துப் படித்தவர். ஆங்கில எழுத்து மகள் சொல்லிக்கொடுத்தது. சீட்டில் இருந்த எண்ணை அவரே படித்தார். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி ரகசியச் சொல்லை அடித்தார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் 'சேவ்' அழுத்தினார்.

சந்தில் ஒரே சத்தம். "அக்கா, நெட் போச்சு!"

"உங்களுக்குப் போச்சு. எனக்கு வந்துருச்சு" என்று சிரித்தார் அக்கா.

வீட்டுப் போன்களிலும் நெட் நின்றது. புதுச் சொல்லைப் போட்டதும் வந்தது. மகளின் பாடம் தடங்கல் இல்லாமல் ஓடியது. பையன்களில் ஒருவன் பத்தாம் வகுப்பு. அவனுக்கும் பாடம் பார்க்க வேண்டும். அவன் போனில் கெஸ்ட் சொல்லை அக்காவே அடித்துக் கொடுத்தார்.

ரகசியச் சொல்லை நோட்டில் எழுதிப் பெட்டியில் வைத்தார். மறந்தால் ரௌட்டரின் சிறு துளையில் ஊசியால் அழுத்தலாம். ஆனால் போட்ட பூட்டு எல்லாம் அழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. குற்றம் செய்யாத வீட்டுக்காரரிடம் போலீஸ் ஏன் வந்தது?
2. தம்பி ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் ரௌட்டர் இருந்தால் அடியில் உள்ள சீட்டைப் படியுங்கள். அதே சொல்தான் இன்னும் இருக்கிறதா?