நெஞ்சு அடைக்கிறது என்றால் என்ன?

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நெஞ்சு அடைக்குது, கை கால் வெலவெலக்குது, தூக்கமே இல்லை" என்கிறார். ஈ.ஸி.ஜி. எடுத்தால் இதயத்தில் கோளாறு இல்லை. அப்படியானால் அவர் சொல்வது பொய்யா? இல்லவே இல்லை. கவலை மிகும்போது அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு கூடுகிறது, மூச்சு வாங்குகிறது, தசைகள் இறுகுகின்றன. அந்த அடைப்பு மெய்யானதுதான்.

"மனக்கவலை உண்டா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பார். "வீட்டுக்காரரு கடலுக்குப் போற ராத்திரி தூங்குவீங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள், எல்லாம் வெளியே வரும்.

போர்ட்டோ ரிக்கோத் தீவிலும் இப்படித்தான். துயரம் தாங்காமல் அலறி நடுங்குவதை அங்கே 'நரம்புத் தாக்குதல்' என்பார்கள். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் இதையும் குறித்திருக்கிறது.

நம்மூரில் 'காத்து கருப்பு' என்று கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். அதனால் பயன் உண்டா? தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 நோயாளிகளைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தில்லாமலே சில வாரங்களில் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன! ஆனால் அவசரப்படாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. குணம் தந்தது கோயிலா, உடனிருந்த உறவினரின் பரிவா, அமைதியான சூழலா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

மறுபக்கமும் உண்டு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று, நோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு வருவோர்க்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. நம்பிக்கையைப் பறிக்காமல் மருந்தையும் கொடுப்பது நல்ல யோசனை அல்லவா?

ராயபுரத்துக்கு அருகிலேயே கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794-இல் தோன்றி, 1871-இல் இன்றைய இடத்துக்கு வந்தது. ஆனால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று வகுப்பில் கேலி செய்கிறோமே, அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பலர் அங்கே போகத் தயங்குகிறார்கள். நோயோ முற்றிவிடுகிறது.

நேரில் போகத் தயங்குவோர் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் பேசலாம். 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. தமிழில் பேசலாம்; எண்ணூரில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி இந்தியில் பேசலாம்.