எங்கிருந்து வந்தது? – ரோக்ஃபோர் சீஸும் அதைப் பெற்ற மேட்டுநிலமும்

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் நீலமும் பச்சையுமாகப் பூசணம் ஓடிய சீஸை யானை விலைக்கு விற்கிறார்கள். நம் வீட்டில் என்றால் நேரே குப்பைக்குப் போயிருக்கும். இதை முதன்முதலில் வாயில் வைத்த தைரியசாலி யார்?
– வாசகர், சேலம்

பதில்: நீலப் பூசண சீஸ்களில் பேர்போனது ரோக்ஃபோர். தெற்கு பிரான்ஸில், அவேரோன் மாவட்டத்தில் இருக்கும் குக்கிராமத்தின் பெயர்தான் சீஸுக்கும். ஜனத்தொகை இன்றும் சில நூறுதான்.

உங்கள் தைரியசாலிக்கு அந்த ஊரார் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் குகையில் உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியுமாகச் சாப்பாட்டைப் பிரித்தானாம். தூரத்தில் ஒரு பெண் போவதைப் பார்த்ததும் போட்டது போட்டபடி அவள் பின்னால் ஓடிவிட்டான். பல நாள் கழித்து வெறுங்கையோடு திரும்பினால், பால்கட்டி முழுக்க நீலப் பூசணம். பசி ருசி அறியாது என்பார்கள். இவனுக்கு ருசியும் தெரிந்துவிட்டது.

கதையை விட்டுவிட்டு ஆவணத்துக்கு வந்தால், 1411-ல் கால் ஊன்றலாம். அந்த வருடம் பிரெஞ்சு அரசர் ஆறாம் சார்லஸ், இந்தச் சீஸைக் குகையில் வைத்துப் பதப்படுத்தும் உரிமை ரோக்ஃபோர் ஊராருக்கு மட்டுமே என்று சாசனம் கொடுத்தார். ஊர் பேர் தெரியாத பண்டத்துக்கு எந்த ராஜாவும் சாசனம் எழுதமாட்டார். ஆகவே அதற்கு வெகுமுன்பே அது சந்தையில் விலைபோயிருக்கிறது.

கேள்வி: குகைகள் உலகம் முழுக்க இருக்கின்றனவே. அந்த ஊர்க் குகைக்கு மட்டும் என்ன கொம்பு முளைத்திருக்கிறது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முளைத்திருப்பது கொம்பு அல்ல, விரிசல். ஊருக்கு மேலே கொம்பாலூ என்ற சுண்ணாம்புக்கல் மலை. அடியில் களிமண் படிவம். ஆதிகாலத்தில் களிமண் வழுக்கி, மலையின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலத்துக்குப் பாறைகள் தாறுமாறாகக் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலின் இடுக்குகளில்தான் குகைகள். அதன் ஓரத்தை ஒட்டித்தான் ஊர்.

பாறைகளுக்கு நடுவே மலையின் ஆழம்வரை போகும் நீண்ட வெடிப்புகளை அங்கே ‘ஃப்ளோரின்’ என்பார்கள். வெளிக்காற்று அவற்றுக்குள் நுழைந்து, ஈரப்பாறையைத் தடவிக் குளிர்ந்து, குகைக்குள் வந்து சேரும். வெளியே கோடை கொளுத்தினாலும் உள்ளே 8 முதல் 12 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி. பூசணத்துக்கு இதைவிடச் சொகுசான இடம் கிடையாது. வெடிப்பின் வாயில் கதவு பொருத்தி, திறந்தும் மூடியும் காற்றை அளவாக விடுவது குகைக்காரர்களின் வேலை. மின்சாரக் குளிர்பெட்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவர்களிடம் செலவில்லாத குளிர்பதன அறை இருந்தது.

கேள்வி: பூசணம் தானாக வருகிறதா, போட்டு வளர்க்கிறார்களா? பெனிசிலின் மருந்தும் இதுவும் ஒன்று என்கிறாள் என் பேத்தி. உண்மையா?
– வாசகி, ஈரோடு

பதில்: பேத்தி பாதி சரி. இரண்டும் பெனிசிலியம் என்ற ஒரே குடும்பம், இனம் வேறு. சீஸில் இருப்பது பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி. ஊர் பெயரே விஞ்ஞானப் பெயரிலும் ஏறிவிட்டது. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1928-ல் கண்டது இதன் பங்காளியை. சீஸ் தின்று காய்ச்சலை நிறுத்த முடியாது.

ஆதியில் குகையின் பூசணம் தானாகப் படிந்திருக்கும். பிறகு மனிதர்கள் வளர்க்கக் கற்றார்கள். ரை மாவில் பெரிய ரொட்டிகளை மேலே கருகி உள்ளே ஈரமாக இருக்கும்படி சுட்டு, குகையில் வைத்துவிடுவார்கள். சில வாரத்தில் ரொட்டியின் உட்புறம் முழுக்கப் பூசணம் ஏறிவிடும். காயவைத்து, பொடித்து, சலித்தால் உறை தயார். இப்போது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்கள். ரொட்டியை விடாதவர்களும் உண்டு.

காய்ச்சாத செம்மறிப் பாலில் இந்தப் பூசணத்தைச் சேர்த்து, உறைந்த கட்டியை அழுத்திப் பிழியாமல் அச்சில் வடியவிட்டு, உப்புத் தடவுவார்கள். அடுத்ததுதான் முக்கியமான கட்டம். ஊசிகள் வரிசையாகப் பதித்த கருவியால் சீஸின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை குத்துவார்கள். காற்று புகாவிட்டால் பூசணம் வளராது; ஊசி போன தடத்தில் காற்று போக, காற்று போன தடத்தில் நீலம் ஓடும். நீங்கள் கடையில் பார்க்கும் கோடுகளில் பல அந்த ஊசித் தடங்கள்தான். பிறகு ஓக் பலகைகளில் குறைந்தது 14 நாள் குகைவாசம். தகடு சுற்றிக் குளிரில் வைப்பதையும் சேர்த்து, மொத்தம் 90 நாளாவது ஆகவேண்டும். இரண்டரை முதல் மூன்று கிலோ எடையுள்ள வட்டாக வெளியே வரும்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் சமையலறை ரொட்டியில் வரும் பூசணம் இது அல்ல. பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: பிரான்ஸில் பசு மாட்டுக்கா பஞ்சம்? ஏன் செம்மறிப் பால்?
– வாசகர், நாமக்கல்

பதில்: பசுவுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான். ரோக்ஃபோரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்கள். அவற்றில் பெரியது லார்சாக். பெய்கிற மழையைப் பாறை அப்படியே உறிஞ்சிவிடும். மேலே ஓடையே ஓடாது. மண்ணும் மெல்லியது, ஆங்காங்கே பள்ளங்களில் மட்டும் உழலாம். மாடு பிழைக்காத இந்தக் காட்டில் செம்மறி பிழைக்கும். ஆடுகள் குடிக்க மழைநீரைத் தேக்கும் வட்டக் குட்டைகளை ‘லவோன்’ என்கிறார்கள். அடியில் தண்ணீர் இறங்காமலிருக்கக் களிமண் பூசி, அதன் மேல் கல் பாவியிருப்பார்கள்.

இன்றைய விதிப்படி லக்கோன் இனச் செம்மறியின் பால்தான் செல்லும். ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் நாலரை லிட்டர் பால் வேண்டும். பால் சீஸுக்குப் போவதால் ஆட்டுக்குட்டிகளைச் சின்னதிலேயே கறிக்கு அனுப்பிவிடுவார்கள். குட்டித் தோல் மெல்லியது, மிருதுவானது. அந்தத் தோலை வைத்துப் பக்கத்து ஊரான மியோ, கையுறைத் தொழிலில் பேர் வாங்கியது. பாரிஸ் சீமாட்டிகளின் கையுறைக்கும் தட்டிலிருந்த சீஸுக்கும் பூர்வீகம் ஒன்றுதான்.

கேள்வி: அந்தப் பக்கத்து விவசாயிகள் காந்தி வழியில் போராடி ராணுவத்தையே திருப்பி அனுப்பினார்கள் என்கிறார் என் நண்பர். நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக. லார்சாக்கில் ஏற்கெனவே 3,000 ஹெக்டேரில் ராணுவ முகாம் இருந்தது. அதை 17,000 ஹெக்டேராக விரிப்போம் என்று 1971-ல் பாதுகாப்பு அமைச்சர் மிஷெல் டெப்ரே அறிவித்தார். நிலம் பறிபோக இருந்த குடும்பங்களில் பல, ரோக்ஃபோருக்குப் பால் ஊற்றுபவை. வார்தாவில் காந்தியிடம் இருந்து, அவரிடமே ‘சாந்திதாஸ்’ என்று பெயர் பெற்ற லான்சா டெல் வாஸ்டோ, 1972-ல் அங்கே போய் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அந்த உண்ணாவிரதத்தின் முடிவில் 103 விவசாயிகள் நிலத்தை விற்கமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு ஈஃபில் கோபுரத்தடியில் செம்மறிகளை ஓட்டிவந்து மேயவிட்டார்கள். 1978-ல் பாரிஸுக்கு நடந்தே போனார்கள். 1981-ல் ஜனாதிபதியான மித்தரான் திட்டத்தை ரத்து செய்தார். ராணுவம் வாங்கிவைத்திருந்த நிலத்தை 1985 முதல் விவசாயிகளே சேர்ந்து குத்தகைக்கு நிர்வகிக்கிறார்கள்.

கேள்வி: டென்மார்க்கிலோ ஊட்டியிலோ இதே மாதிரி செய்து ‘ரோக்ஃபோர்’ என்று விற்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: செய்யலாம்; அந்தப் பெயரில் விற்க முடியாது. போலியை இந்தப் பெயரில் விற்றால் தண்டனை என்று 1666-லேயே துலூஸ் நீதிமன்றம் ஆணையிட்டது. 1925-ல் பிரான்ஸில் ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல் சீஸ் இதுதான். 1996-ல் ஐரோப்பிய அளவிலும் காப்பு கிடைத்தது. பழநி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடும் இந்த வகைதான்.

பெயரைச் சட்டம் காக்கலாம். சரக்கைத் தந்தது சரிந்த மலையும் வறண்ட மேடும். விவசாயிக்குப் பயனற்றவை என்று யாரும் ஒதுக்கியிருக்கக்கூடிய இரண்டையும் அந்த ஊரார் முதலாக்கிக்கொண்டார்கள். அடுத்த முறை கடைக்குப் போனால் உறையில் சிவப்புச் செம்மறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் நீல சீஸ். ரோக்ஃபோர் விலை கொடுக்காதீர்கள்.