பருத்தித்துறையில் ஒரு கிழமை

பிள்ளைகளே, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஒரு நாளில் எத்தனை இடம் பார்ப்பீர்கள்? நான் ஐந்து இடம் பார்க்க நினைத்தேன். லண்டனில் இருக்கும்போதே கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். 9 மணிக்குக் கோட்டை, 10.30க்கு நல்லூர்... என் வேலைப் பழக்கம் அப்படி!

நாங்கள் தங்கியது பருத்தித்துறையில், அம்மம்மா வீட்டில். அது இலங்கையின் வடக்குக் கரையில் உள்ள சிறிய நகரம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் சுமார் 30 கிலோமீற்றர். அம்மம்மா என் அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார்.

"இதென்ன தம்பி, பள்ளிக்கூட நேரசூசியோ? முதல்லை வந்து இரு. தேத்தண்ணி குடி."

பின்னேரம் தெருமூடி மடத்துக்கு நடந்து போனோம். பெயரே சொல்லிவிடுகிறது, பாருங்கள்: தெருவை மூடி நிற்கும் மடம். நடுவிலே வீதி, இரண்டு பக்கமும் திண்ணை, மேலே கூரை. அந்தக் காலத்தில் நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்தவர்கள் இங்கே களைப்பாறினார்கள். நாங்களும் திண்ணையில் இருந்தோம். சைக்கிள்களும் ஓட்டோக்களும் கூரையின் கீழே போயின. வேறொன்றும் நடக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த நாள் ஒடியற் கூழ். நான் சின்ன வயதில் லண்டனுக்கு வந்தவன். அம்மம்மாவோடு போனில் "நல்லா இருக்கிறன்" என்பதற்கு மேல் பேசத் தெரியாது. ஆனால் பலாக்கொட்டை உரிக்க ஒரு மணி நேரம் ஆகும். எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பது? "இது என்ன? அது ஏன்?" என்று கேட்கத் தொடங்கினேன்.

மீன், நண்டு, இறால், பயற்றங்காய், முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில் கொதித்தன. ஒடியல் மாவை முன்பே தண்ணீரில் ஊறவைத்து, கசப்புத் தண்ணீரை வடித்திருந்தார். அதைக் கடைசியில் கரைத்து ஊற்றினார். எல்லோரும் முற்றத்தில் வட்டமாக இருந்து, பிளாவில் ஊற்றிக் குடித்தோம். அப்பாடா, என்ன உறைப்பு!

"தம்பி, செய்முறையை எழுதி வை. நான் எத்தனை நாளைக்கு இருப்பனோ தெரியாது" என்றார் அம்மம்மா.

கொப்பியை எடுத்தேன். "மா எத்தனை கிராம், அம்மம்மா?"

"கிராமோ? மூண்டு சிறங்கை" என்று கையைக் காட்டினார்.

அப்படியே எழுதினேன். லண்டன் தமிழ்க் கடையில் ஒடியல் மா வாங்கி, மூன்று சிறங்கை போட்டேன். கூழ் களி போல இறுகிவிட்டது. என் கை அம்மம்மாவின் கையைவிடப் பெரிது! இப்போது என் மகள்தான் மா அளக்கிறாள். அவளுக்கு வயது 10.

புதிய சொற்கள்
ஒடியல் – வெயிலில் காயவைத்த பனங்கிழங்கு
பிளா – பனையோலையை மடித்துச் செய்யும் கிண்ணம்
சிறங்கை – குவித்த ஒரு கை அளவு

செய்து பாருங்கள்
உங்கள் வீட்டில் கையால் அளந்து சமைப்பவர் யார்? அவரிடம் ஒரு செய்முறையைக் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். அவருடைய ஒரு சிறங்கை அரிசியை நிறுத்துப் பாருங்கள். உங்களுடையதையும் நிறுங்கள்.