பாப்பரசர் பிறந்த வீடு

பிரான்சு தேசத்தின் தெற்கே, நீம், ஆர்ல் ஆகிய நகரங்களின் அருகே சென் ஜில் என்னும் சிறு பட்டணம் உண்டு. வனத்தில் தவம் செய்த புனித ஜில் முனிவரின் கல்லறை அங்குள்ள மடாலயக் கோவிலின் நிலவறையில் இருக்கிறது. தம்மை அண்டி வாழ்ந்த மானுக்கு வந்த வேட்டை அம்பை அவர் தம் உடலில் ஏற்றார் என்பது கர்ணபரம்பரைக் கதை. மத்திய காலத்தில் யாத்திரிகர் இங்கு திரளாய் வந்தனர். ஸ்பெயினிலுள்ள சந்தியோகுமையோரின் கல்லறைக்குக் கால்நடையாய்ப் போனவர்களும் இவ்வழியே சென்றனர். அந்த யாத்திரைப் பாதைகளுக்குரிய தலங்களில் ஒன்றாக, இக்கோவில் 1998இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அதே பழம் பட்டணத்தில் கல்லால் எழுந்த மாடிவீடு ஒன்று நிற்கிறது. மேல்மாடிகளில், நடுவே சிறு தூண் தாங்கும் இரட்டைச் சாளரங்கள். பிரெஞ்சு அரசு இதை வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கிறது. 4ஆம் கிளெமெந்து பாப்பரசர் பிறந்த வீடு இது என்பது ஊராரின் பரம்பரை நம்பிக்கை.

குருமடத்தில் திருச்சபைச் சரித்திரம் படித்த நாளில், ரோஜர் பேக்கனிடம் அவருடைய நூல்களை 1266இல் கேட்டெழுதிய பாப்பரசர் என்ற அளவிலேயே இவரை நான் அறிந்திருந்தேன். ஆனால் குடும்பஸ்தர் அறியவேண்டிய கிளெமெந்து வேறொருவர்.

அவருடைய இயற்பெயர் கீ பூக்குவா. தந்தை வழக்கறிஞர், மனைவி இறந்தபின் கர்த்தூசியன் சபைத் துறவியானவர். மகனும் சட்டம் கற்று, மணம் முடித்து, புனித 9ஆம் லூயி மன்னரின் ஆலோசகரானார். மனைவி மரித்தபின் குருவாகி, 1257இல் லெ பூயி ஆயர், 1259இல் நார்போன் பேராயர், 1261இல் கர்தினால் என உயர்ந்தார். 1265 பெப்ரவரியில், அவர் இத்தாலியில் இல்லாதிருக்கையிலேயே, பெருஜியாவில் கூடிய கர்தினால்மார் அவரைப் பாப்பரசராகத் தெரிந்தனர்.

சொந்த ஊரில் உறவினரின் ஆசைகள் எப்படிக் கிளம்பியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த மாதமே, சென் ஜிலில் இருந்த மருமகன் பேதுருவுக்குக் கடிதம் வந்தது. இந்த உயர்வு தமக்கு மகிழ்ச்சியல்ல, அச்சமே என்றார் பாப்பரசர். அழைக்காமல் உறவினர் எவரும் தம்மிடம் வரலாகாது; பிறருக்காகச் சிபார்சு பேசலாகாது; அதற்காகக் கைந்நீட்டி எதையும் வாங்கலாகாது. மருமகனின் சகோதரியைச் சாதாரண வீரன் ஒருவனின் மகனுக்குக் கொடுத்தால் தூர் வெள்ளி நாணயம் 300 தருவார். அதற்கு மேலான சம்பந்தம் தேடினால் ஒரு காசும் இல்லை. மபிலியா, செசிலியா என்ற இருவரை அவருடைய மகள்மார் என்பர். தாம் வெறும் குருவாய் இருந்திருந்தால் எப்படிப்பட்ட வரன் கிடைத்திருக்குமோ, அப்படிப்பட்டவரையே அவர்களும் ஏற்கவேண்டுமென்றார்.

பெண்பிள்ளைகளுக்கு இது கசந்திருக்கும். தகப்பனுக்கும் எளிதாயிருந்திராது.

அவரைக் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. சிசிலி இராச்சியத்தைப் பிடிக்கும்படி அஞ்சூவின் சார்ள்ஸுக்குத் துணைநின்றார். அப்போரில் பெருகிய இரத்தம் சிறிதல்ல. 1265 ஆகஸ்டில் அவர் விடுத்த ஆணையொன்று, பாப்பரசரின் மன்றத்தில் இருக்கையில் இறந்தோரின் திருச்சபைப் பதவிகளை நிரப்பும் உரிமையைப் பாப்பரசருக்கே ஒதுக்கியது. சொந்தங்களுக்குக் கதவடைத்தவரின் இந்த ஒதுக்கீடு பின்னாளில் விரிந்து, வேறு கைகளில் சொந்தங்களுக்கே வழிவிட்டது!

மூன்று ஆண்டும் ஒன்பது மாதமும் ஆட்சிசெய்து, 1268 நவம்பர் 29இல் வித்தெர்போவில் மரித்தார். கல்லறை அங்குள்ள புனித பிரான்சிஸ்கு ஆலயத்தில் இருக்கிறது. பாப்பரசரான பின் சென் ஜில் வீட்டுப் படியை அவர் மிதிக்கவேயில்லை.