மேரி வர்கீஸ் அமர்ந்த இடம்

வாலாஜாபேட்டை

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு, அத்தை எழுதுவது.

அப்பா டேனரியில் வேலை செய்வதை ஹாஸ்டலில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியிலேயே அறைத்தோழிக்கு ஆங்கிலம் வராததை இளக்காரமாக எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே நோய், கண்ணு. ஆட்களை மேலே கீழே என்று அடுக்கிப் பார்க்கிற நோய்.

கிருபை என்று வாரம் தவறாமல் சபையில் சொல்கிறோம். நாம் சம்பாதிக்காததை ஆண்டவர் தந்தார் என்று அர்த்தம். தகுதி பார்க்காமல் தந்ததை வைத்துப் பெருமையடிக்க முடியாது. தகுதியில்லை என்று ஒதுங்கி நிற்கவும் வேண்டாம். பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்று புலம்புவதைத் தாழ்மை என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அதுவும் ஓயாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

தாழ்மை எப்படி இருக்கும் என்று பார்க்க, டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிப் படி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தபோது, 1954-இல், அவர் போன வண்டி விபத்தில் சிக்கியது. முகத்தில் தழும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய கை அறுவை சிகிச்சையில் அவரை ஈடுபடுத்தியவர் அங்கே அறுவை மருத்துவராக இருந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயில் விரல்கள் உள்நோக்கி மடங்கிப்போகும். முன்கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய் விரல்களில் இணைப்பார்கள். பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. விரல் நிமிர்ந்து, சோறு பிசைய வரும். ஊரார் தொட அஞ்சிய கைகள் அவை. சக்கர நாற்காலியில் இருந்த மேரி அந்தக் கைகளைத் தொட்டுச் சரிசெய்தார். எதிரே உட்கார்ந்த நோயாளியின் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்திருக்கும். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை சி.எம்.சி.யில் நடத்தினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையமே வந்தது.

எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது வேறொன்று. அவரே அன்றாடம் பிறர் உதவியை ஏற்க வேண்டியிருந்தது. கொடுக்கிறவளாகவே இருந்து பழகினால் மெல்லத் தலைக்கனம் வந்துவிடும். வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

உன் தோழிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடு, வேண்டாமென்று சொல்லவில்லை. முதலில் அவளுக்கு நன்றாக வருகிற பாடம் எதுவென்று கேட்டு, அதை அவளிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்.

அன்புடன்,
அத்தை