எதிர் வீட்டு அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது

தருமபுரி

அன்புள்ள கண்ணம்மா,

எதிர் வீட்டு அண்ணனைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். இமாடினிப் மாத்திரையில் சில மாதத்திலேயே தெம்பு வந்துவிட்டது. இப்போது பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிறார். "உடம்புதான் நல்லாயிருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை? எதுக்கு மூணு மாசத்துக்கு ஒரு ரத்த டெஸ்ட்?" என்கிறார். பிளஸ் டூவில் மரபியல் படிக்கிறாய். நீ பொறுமையாகச் சொன்னால் கேட்பார்.

1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளின் அணுக்களில் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆவது, 22-ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிக்கொள்வதுதான் காரணம் என்று 1973-இல் ஜேனட் ரவுலி கண்டறிந்தார். அந்த இடமாற்றத்தில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் பிசிஆர்-ஏபிஎல் என்ற புது மரபணு உண்டாகிறது. அதிலிருந்து வரும் நொதி, ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்ட கிணற்று மோட்டார் மாதிரி நிற்காமல் ஓடும். வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகும். அந்த நொதியை அடக்குவதுதான் இமாடினிப்பின் வேலை. 2001-இல் இதற்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன் பலருக்கும் சில ஆண்டு ஆயுள்தான். இமாடினிப்பில் சிகிச்சை தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், 10 ஆண்டு கழித்தும் 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள்.

நோயைக் காட்டிக்கொடுத்த அதே மரபணு அடையாளம்தான் மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதையும் காட்டுகிறது. இதை அவர் மனசில் பதிய வை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு எண்ணிக்கை சரியாக இருக்கும். உள்ளே நோய் அணுக்கள் கோடிக்கணக்கில் மிச்சம் இருக்கும். மூன்று மாதப் பரிசோதனை அவற்றின் மரபணு அடையாளத்தை அளந்து பார்க்கிறது. அவருடைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார். பிசிஆர்-ஏபிஎல் என்ற வரிக்கு எதிரே ஒரு சதவீதம் இருக்கும். மூன்றாம் மாதத்தில் அது 10-க்குள் வர வேண்டும். ஓராண்டில் 0.1-க்குள் வந்தால் நல்லது. இறங்கிய எண் மறுபடி ஏறினால், உடம்பு எதுவும் சொல்வதற்கு முன்பே மருத்துவருக்குத் தெரிந்துவிடும். சிலருக்கு அந்த மரபணுவிலேயே சின்ன மாற்றம் வந்து மாத்திரை பிடிக்காமல் போகும். அப்போது மருந்தை மாற்றுவார்கள்.

எண் ஏறுவதற்கு இன்னொரு காரணம், மாத்திரையை இடையிடையே விட்டுவிடுவது. லண்டனில் 87 நோயாளிகளுக்கு, மூடியில் சிப் வைத்த மாத்திரை டப்பாவைக் கொடுத்து, எப்போதெல்லாம் திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். முடிவு 2010-இல் வந்தது. மாத்திரையில் 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, நோய் அடையாளம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் வாய்ப்பு ஆறாண்டில் 94.5 சதவீதம். 90 சதவீதமோ அதற்குக் கீழோ போனவர்களுக்கு 28.4 சதவீதம்தான். நாளுக்கு ஒன்று என்றால், மாதம் மூன்று வேளை விட்டாலே 90-க்கு வந்துவிடும். வேலைத்தளத்தில் மூன்று வேளை மறப்பது எவ்வளவு சுலபம் என்று உனக்கே தெரியும்.

இந்த மாத்திரை நம் கைக்கு எட்டியதிலும் ஒரு போராட்டம் இருக்கிறது. இந்த மாத்திரைக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் அந்தக் காப்புரிமையை எதிர்த்து நின்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுப்பையே உறுதிசெய்தது. அதனால் இந்திய நிறுவனங்களும் இதைத் தயாரிக்க முடிந்தது. அந்த நிறுவனத்தின் மாத்திரைக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களுடையது சுமார் 8,000. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததை, உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் விடலாமா?

பல ஆண்டு ஆழ்ந்த பலன் கண்ட சிலருக்கு மருத்துவர்களே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அப்போதும் அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே இருப்பார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்பி, மறுபடி மாத்திரை தொடங்க வேண்டி வருகிறது. அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. அண்ணன் தானாக எடுக்கக் கூடாது.

அவர் வேலைக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லாதே. பெங்களூரில் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இப்போது பார்க்கும் மருத்துவரிடம் கடிதம் வாங்கி, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கையோடு கொண்டுபோகச் சொல். அடுத்த பரிசோதனைத் தேதியை அவர் போனில் நீயே பதிந்து கொடு.

அன்புடன்,
மாமா