சனிக்கிழமை ராத்திரி கிளம்புகிறவர்களுக்கு எந்த போன்?

திருப்பூர் மண்ணரையில் சனிக்கிழமை சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரை மணிக்கு வெளியே வந்து, சம்பளக் கவரைப் பையில் செருகிக்கொண்டு, நேராக வெள்ளியங்கிரி மலைக்கு வண்டியைத் திருப்புகிற பையன்களைப் பிப்ரவரியிலிருந்து மே வரை வாராவாரம் பார்க்கலாம். அந்த நேரத்தில் அவர்கள் போனில் பாதி சார்ஜ் இருந்தாலே அதிகம். பகல் முழுக்கப் பாட்டு ஓடியிருக்கும், ஆர்டர் போட்டோக்கள் வாட்ஸப்பில் வந்து விழுந்திருக்கும்.

கடையில், "7000 எம்ஏஹெச்சுங்ணா, ரெண்டு நாளைக்குக் கவலையே இல்லைங்க" என்பார்கள். அந்தக் கணக்கு காலையில் முழுச் சார்ஜில் தொடங்குவது. நம் பயணமோ ராத்திரி ஒன்பது மணிக்குப் பாதியில் தொடங்குகிறது. அதனால் எம்ஏஹெச்சைக் கேட்கும் முன்பு, எங்கே போகிறோம், வழியில் பிளக் பாயின்ட் உண்டா என்று யோசித்துக்கொள்வது நல்லது.

வெள்ளியங்கிரியில் பூண்டி அடிவாரத்தை விட்டால் ஏழு மலைக்கும் பிளக் கிடையாது. ஏற ஏற சிக்னல் வந்து வந்து போகும். சார்ஜை அதிகம் தின்பது இதுதான். டவர் தூரமாகப் போகப் போக போன் தன் சக்தியைக் கூட்டித் தேடும். பையில் சும்மா கிடந்தாலும் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே குளிர் காற்று அடிக்கும்போது லித்தியம் பேட்டரி இன்னும் தளரும். போன வருடம் இறக்கத்தில் என் பழைய போன் 14 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. கூட வந்த தம்பி எந்த மலையில் நிற்கிறான் என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் தவித்தேன். அதிலிருந்து இரண்டு பழக்கம்: ஏறத் தொடங்கும்போதே ஏரோப்ளேன் மோடு, வெளிச்சத்துக்குத் தனி டார்ச். ஜிபிஎஸ் செயற்கைக்கோளைப் பார்த்து வேலை செய்வது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் இடம் காட்டும்.

இந்த மாதிரி மலைக்குப் பெரிய பேட்டரி உண்மையிலேயே உதவும். 2025-இல் வந்த ஐக்யூ இசட்10, விவோ டி4 இரண்டிலும் 7300 எம்ஏஹெச். ரெட்மி 15 5ஜி-யில் 7000. சாம்சங் 2020-லேயே எம்51-இல் 7000 கொடுத்தது, ஆனால் அது கையில் கனத்தது. இப்போது பேட்டரியின் எதிர்மின்முனையில் கிராஃபைட்டோடு சிலிக்கான்-கார்பன் சேர்ப்பதால் அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் அடங்குகிறது. இசட்10 ஏறக்குறைய 200 கிராம்தான்.

ரெட்மி விலை குறைவு. அதன் திரை பெரியது, ஆனால் எல்சிடி. கறுப்புப் படத்துக்கும் பின்னால் விளக்கு எரியும். இசட்10, டி4-இல் அமோலெட் திரை; கறுப்பு இருக்கும் இடத்தில் புள்ளி அணைந்தே இருக்கும். ராத்திரியில் டார்க் மோடில் வரைபடம் பார்க்கிறவருக்கு இது தெரியும் அளவுக்கு மிச்சம். சிப்பும் ரெட்மியில் 6 நானோமீட்டர், மற்ற இரண்டில் 4. 300 எம்ஏஹெச் வித்தியாசத்தைவிட நான் திரையையும் சிப்பையும்தான் பார்ப்பேன்.

பழனி வேறு கணக்கு. தைப்பூசத்துக்குத் திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாக நடந்தால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வழியெல்லாம் ஊர், டீக்கடை, அன்னதானப் பந்தல். பிளக் இருக்கும், அதற்கு முன்னால் ஆளும் இருக்கும். அரை மணி கிடைத்தால் பெரிது. இங்கே வாட்தான் முக்கியம். இசட்10-இல் 90 வாட். அரை மணியில் ஏறக்குறைய பாதி ஏறும் என்கிறது கம்பெனி. ரெட்மியின் 33 வாட்டுக்கு அந்த நேரம் போதாது. சாம்சங் எம்35-இல் 6000 எம்ஏஹெச் இருந்தும் 25 வாட்தான், சார்ஜரும் பெட்டியில் வராது. ஒன்றை மறக்கக் கூடாது: அந்த வேகம் போனோடு வந்த சார்ஜரிலும் கேபிளிலும்தான் கிடைக்கும். அதை வீட்டில் விட்டுவிட்டுப் பந்தலில் கிடைக்கிற சார்ஜரைச் செருகினால் 90 வாட் போனும் மெதுவாகத்தான் ஏறும்.

பக்கத்து நஞ்சராயன் குளத்துக்கு விடிகாலையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் புது போனுக்கு அலைய வேண்டியதே இல்லை. 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தக் குளம் ஊத்துக்குளி ரோட்டில் நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. வெயில் ஏறியதும் திரை முழு வெளிச்சத்துக்குப் போகும், போனும் சூடாகும். கரையில் வெயில்பட வைக்காமல் துண்டுக்கடியில் வைத்தால் போதும்.

இன்னொரு வழி, இருக்கிற போனோடு பவர்பேங்க். 10000 என்று எழுதியிருந்தாலும் அது உள்ளே இருக்கும் செல்லின் அளவு. 5 வோல்ட்டாக மாறி வரும்போது குறையும். பின்பக்கம் சின்ன எழுத்தில் 'ரேட்டட்' என்று 6000-ஐ ஒட்டி ஒரு எண் இருக்கும். 5000 எம்ஏஹெச் போனை ஒரு முறை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும், 7300-ஐ ஒரு முறை முழுதாக நிரப்புவதே கஷ்டம். நாலு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கொரு பெரிய போனைவிட நடுவில் இரண்டு பவர்பேங்க் என்பதே என் யோசனை.

கூடவே ஒரு கீபேட் போன் வைத்துக்கொள்வது இன்னும் பலம். ஜியோ சிம் போடுவதென்றால் 4ஜி கீபேடாகப் பார்த்து வாங்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது.

புதிதாக வாங்கும் முன் பழைய போனின் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். ஐபோன் 14 வரை 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும் என்பது ஆப்பிளின் கணக்கு. தினம் ஒரு முழுச் சார்ஜ் தீர்க்கிறவருக்கு அது ஒன்றரை வருடத்துக்கும் குறைவுதான். என் தம்பி போன மாதம் புது போனுக்கு எடுத்து வைத்த பணத்தில் பேட்டரி மட்டும் மாற்றிக்கொண்டான். மிச்சப் பணத்தில் ஒரு டார்ச்சும் பவர்பேங்கும் வாங்கினான். வருகிற பிப்ரவரியில் மறுபடி ஏறுகிறோம்.